அறுபதும் இருபத்தைந்தும்

“தம்பி, கலியாண வீடியோவில இந்த இடம் இன்னும் இழுக்குது. மருமகன் மகளுக்குக் கிட்டச் சரிஞ்சு ஏதோ சொல்லுற இடம்,” என்றார் சரோஜாதேவி.

றுமைஸுக்கு எரிச்சல் வந்தது. கற்பிட்டியில் வீடியோக் கடை போட்ட நாளிலிருந்து அவன் கேட்காத குறையில்லை. மாமியைக் காணோம், பந்தியைக் காணோம், என் சேலைக் கரை விழவில்லை என்று எத்தனையோ பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிப்போகிற ஒரு காட்சிக்காகக் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து இரண்டாம் முறையும் பஸ் ஏறி வந்தவர் இவர் ஒருவர்தான். போதாக்குறைக்கு அவர் சொல்வது உண்மை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது.

“அது கமராட குத்தம்க்கா,” என்றான், திரையைப் பார்த்தபடி.

பதிலில்லை. திரும்பவும் சொன்னான்.

“இஞ்சால திரும்பிச் சொல்லுங்கோ, தம்பி.”

மரியாதை பார்க்கிற மனுஷி போலிருக்கிறது என்று எண்ணி, கதிரையைத் திருப்பி அவருக்கு நேரே உட்கார்ந்தான்.

“எங்கட கமரா செக்கனுக்கு இருபத்தஞ்சு படம் எடுக்கும். உங்கட மருமகன் கனடாவுலயிருந்து கொண்டு வந்து, படம் எடுக்க வந்த எங்கட பொடியன் பாயிஸுக்கிட்டக் குடுத்த கமரா அறுபது எடுக்கும். ரெண்டையும் ஒண்டாப் போட்டா, கம்பியூட்டர் அறுபதுல பாதிக்கு மேல தூக்கி வீசிடும். அதையும் ஒழுங்காப் பாத்து வீசாது. அதுதான் இழுக்கிது.”

சரோஜாதேவி இமை வெட்டாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் தின்ற பாணும் சம்பலும் பல்லில் ஒட்டியிருக்கிறதோ என்று றுமைஸ் நாக்கால் ஒருதரம் துழாவிப் பார்த்தான்.

“வீசினதைத் திருப்பி எடுக்கேலாதோ?”

“ஏலும். முதல்ல இருந்து செய்யணும்.”

தேத்தண்ணியை அவரிடம் நீட்டினாள் றுமைஸின் மனைவி ஸஹ்றா. “இதைவிட நல்ல சீன் எத்தனையோ ஈக்கி அக்கா. தாலி கட்டுறதைப் பாருங்க, எவ்வளவு வடிவா வந்தீக்கி!”

“எனக்கு இதுதான் வேணும், பிள்ளை. அவர் என்ன சொன்னவர் எண்டு மதுசாவிட்டக் கேட்டன். சிரிச்சுப்போட்டுப் போறாள். கலியாணம் முடிஞ்ச நாளிலயிருந்து எது கேட்டாலும் அந்தச் சிரிப்புத்தான். இண்டைக்குப் பின்னேரம் ரெண்டு பேரும் கனடா போக கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வெளிக்கிடுகினம். இனி எப்ப காணுறனோ.”

ஒரே மகள். புருஷனும் இல்லாத மனுஷி. ஸஹ்றாவின் கண் கலங்கியது. செய்து கொடுங்களேன் என்று கணவனுக்குச் சாடை காட்டினாள்.

“ஆனா ஒண்டுக்கா,” என்றான் றுமைஸ். “ஸ்லோ மோஷன்ல போட்டா அந்தக் கமரா சத்தம் எடுக்காது. அதுதான் நான் பாட்டுப் போட்டீக்கிறன். அவர் என்ன சொன்னாரெண்டு கேக்க ஏலா.”

“சத்தம் வேண்டாம். படம் இழுக்காமல் ஓடினாக் காணும்.”

றுமைஸ் பழைய துண்டை அழித்துவிட்டு அசலை எடுத்தான். அறுபதில் ஒன்றையும் வீசாதே, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, செக்கனுக்கு இருபத்தைந்தாக ஓட்டு என்று கம்பியூட்டருக்குக் கட்டளை கொடுத்தான். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

படம் ஓடியது. இழுவை, துடிப்பு ஒன்றுமில்லை. அட்சதை ஒவ்வொரு மணியாக இறங்கியது. மாப்பிள்ளை கிருஷாந்தன் புன்னகையோடு மதுசாவின் பக்கம் சரிந்தான். உதடுகள் மெல்லத் திறந்து மெல்ல மூடின. குனிந்திருந்த மதுசா நிமிர்ந்து, கமராவைப் பார்த்து, முகம் முழுக்கச் சிரித்தாள்.

றுமைஸுக்கு எரிச்சலெல்லாம் பறந்துவிட்டது. இந்தச் சிரிப்பைப் பெரிதாக அடித்துக் கடை வாசலில் மாட்டினால் கற்பிட்டியே திரும்பிப் பார்க்கும் என்று கணக்குப் போட்டான்.

“மாஷா அல்லாஹ்! எவ்வளவு இரக்கமான மாப்பிள்ளை! நீங்க ஒருநாளைக்காவது எனக்கிட்ட இப்பிடிக் கதைச்சீக்கிறீங்களா?” என்று ஸஹ்றா அவனை இடித்தாள்.

“இன்னொருக்காப் போடுங்கோ,” என்றார் சரோஜாதேவி.

போட்டான். அவர் கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டப் போனார். “இன்னொருக்கா.” இந்த முறை மருமகனின் உதடுகளோடு சேர்ந்து அவருடைய உதடுகளும் அசைந்தன. பிறகு கையைத் தூக்கினார். றுமைஸ் படத்தை நிறுத்தினான்.

“இப்ப சரியாக்கா?” என்று பின்னாலிருந்து கேட்டான். “அக்கா, இப்பவும் இழுக்கிதா?” என்று கடை அதிரக் கேட்டான். அவர் திரும்பவே இல்லை.

முன்னால் போய்ப் பார்த்த ஸஹ்றா திடுக்கிட்டாள். மனுஷியின் முகத்தில் ஈயாடவில்லை. தேத்தண்ணிக் கோப்பை மடியில் சரிந்து சேலையெல்லாம் நனைந்திருந்தது. அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

“யா அல்லாஹ்! என்னக்கா, என்ன நடந்த?”

சரோஜாதேவி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “ஒரு ஓட்டோ பிடியுங்கோ, பிள்ளை. கெதியா. மதுசாவை வெளிக்கிட விடேலாது.”

“ஏன்க்கா?”

“வன்னியில ஷெல் விழுந்து எனக்கு ரெண்டு காதும் போச்சு. அதுக்குப் பிறகு ஆக்களின்ர வாயைப் பாத்துத்தான் கதை விளங்கிறனான்,” என்றார் சரோஜாதேவி, திரையில் அசையாமல் நின்ற உதடுகளைக் காட்டி. “‘சிரியடி, கமரா பாக்குது. பிளேன் ஏறினாப் பிறகு நீ எவ்வளவு கத்தினாலும் ஒருத்தருக்கும் கேளாது’ எண்டு சொல்லுறான்.”