புது வேலை

தோல்பைப் பட்டறையில் லேசர் கதிர் தோலைத் தொட்டதும் புகை கிளம்பியது. அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர் முகம் வெளிறிப் பின்வாங்கினார்.

"என்னண்ணே, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார் மேஸ்திரி. "தோலு கருகினா முடி பொசுங்குற நாத்தம்தான் வரும். போகப் போகப் பழகிடும்."

"பழக்கம்தான்" என்றார் அவர்.

பழைய வேலையை அவர் விட்டதே மகளுக்காகத்தான்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும், தோலில் வெட்டிய பட்டாம்பூச்சி ஒன்றை அவளிடம் நீட்டினார். "கண்ணு, அப்பா புது வேலையில செஞ்சது. இனிமே என் மடியில உக்காருவதானே?"

ஆசையாக ஓடி வந்தவள் பாதியிலேயே நின்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

"பொய் சொல்லாதீங்கப்பா. இன்னைக்கும் பொணம் எரிக்கத்தானே போனீங்க?"