அடைக்கோழி

ஒன்றாம் வகுப்புக்குத் தொடுதிரைப் பலகை வந்த முதல் நாள், பொற்கொடி டீச்சர் அதில் விரலாலேயே ஒரு கோழி வரைந்தாள். மறுநாள் காலையில் பலகையைப் போட்டால், கோழியின் வயிற்றுக்கு அடியில் ஒரு முட்டை இருந்தது. யார் வரைந்தது என்று கேட்டதற்கு ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. சரி, பாடத்தை எழுதலாம் என்று அழிக்கப் போனதும் வகுப்பே பதறிவிட்டது.

"அழிச்சிராதீங்க டீச்சர்! அது அடைகாக்குது," என்றாள் முன்வரிசை நஸ்ரின்.

நீட்டிய கை தானாக இறங்கிவிட்டது. அன்றிலிருந்து பழைய கரும்பலகையில்தான் பாடம். அ, ஆ சொல்வதுகூடக் கிசுகிசுப்பாகத்தான். பொற்கொடிக்கு இப்படியொரு அமைதியான வகுப்பு இதுவரை வாய்த்ததே இல்லை.

அந்த வாரக் கடைசியில் பெற்றோர் சங்கத் தலைவர் சகாயராஜ் வந்து வாசலில் நின்றார். இந்தப் பலகை வாங்குவதற்காகப் பள்ளி விழாவில் கடை போட்டு, நாள் முழுக்க பஜ்ஜி சுட்டவர். எண்ணெய் தெறித்த புண் புறங்கையில் இன்னும் ஆறவில்லை.

"என்ன டீச்சர் இது? அம்புட்டுப் பாடுபட்டு வாங்கிக் குடுத்தா, நீங்க இன்னும் சாக்பீஸைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

பிள்ளைகள் அத்தனை பேரும் உதட்டில் விரலை வைத்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பொற்கொடியின் விரலும் உதட்டில்தான் இருந்தது. சகாயராஜ் பலகையையே சற்று நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் நடந்து அவளருகே வந்தார்.

"எப்ப டீச்சர் பொரிக்கும்?" என்றார், கோழிக்குக் கேட்காத குரலில்.