தவசிக்கீரை வளர்ந்த உயரம்

வேலியோரத் தவசிக்கீரைச் செடிக்கு எப்போதும் ஒரே புலம்பல். "துளிர்த்தாப் போதும், செங்கமலம் கிள்ளிட்டுப் போயிடுறா. நான் எப்பத்தான் வளர்றது?" என்று ஓணானிடம் மூக்கால் அழும்.

மகளின் பிரசவத்துக்காகச் செங்கமலம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனாள். செடிக்கு முதலில் ஏகக் கொண்டாட்டம். பிறகு, கீரை கிள்ளியபடியே அவள் பேசும் ஊர்வம்பு இல்லாமல் பொழுதே போகவில்லை. தெருமுனையாவது தெரியட்டுமே என்று வளர்ந்தது. வேலியைத் தாண்டியும் வளர்ந்தது.

"யாரைத் தேடுறேக்கா?" என்றது ஓணான்.

"யாரையுமில்ல. காத்து வாங்குறேன்."

மழைக்காலம் முடிந்து செங்கமலம் திரும்பினாள். பெட்டியைக்கூட வைக்காமல் நேரே வேலிக்குத்தான் வந்தாள். கைபடும் இடமெல்லாம் வெறும் குச்சி, கொழுந்தெல்லாம் உச்சியில். எக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. உள்ளே போய் அரிவாளோடு வந்தாள்.

"அக்கா, வெட்டப்போறா!" என்று அலறியபடி ஓணான் கீழே குதித்தது.

செடி அசையவில்லை. தெருமுனையை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"கத்தாதேடா. அங்கே இனி யாரைப் பார்க்கணும்? எனக்கு அவ இடுப்பு உயரம் போதும்."