மரங்கொத்தியின் வரம்

கடல் கடந்து ஊழியம் செய்யப் புறப்பட்ட மரங்கொத்தி, மரமே இல்லாத ஒரு தீவில் போய் இறங்கியது. அங்கே கோயிலைக் கவனித்துவந்த ஆமைக்கு ஒரே மகிழ்ச்சி.

"தம்பி, கோயிலுக்குள்ள காய்ச்சலில் கிடக்கிற பறவைக் குஞ்சுகளுக்கு ஊற்றுத் தண்ணீர் வேணும். நான் நடந்து போய் வர்றதுக்குள்ள பொழுது போயிடுது. நீங்க கொண்டுவர்றீங்களா?"

"அதை யாரும் செய்யலாம் அண்ணே. ஆண்டவர் எனக்குத் தந்த வரம் கொத்துறது."

கொத்துவதற்குத் தீவில் இருந்தது கோயிலின் மரத்தூண் மட்டுமே. மரங்கொத்தி தினமும் ஜெபித்துவிட்டு அதைக் கொத்தியது. ஆமை கெஞ்சியபோது, ஊழியத்துக்கு வந்த சோதனை என்று நினைத்து இன்னும் வேகமாகக் கொத்தியது. முதல் மழையில் கூரை சரிந்தது. குஞ்சுகள் நனைந்து நடுங்கின.

ஊர் திரும்பிய மரங்கொத்தி சபையில் சாட்சி சொன்னது: "நான் போனபோது கூரையைப் பார்த்து ஜெபித்தார்கள். இப்போது வானத்தைப் பார்த்து ஜெபிக்கிறார்கள்!"

"அல்லேலூயா!" என்று கண்ணீர் விட்ட சபை, அடுத்த தீவுக்கும் அதையே அனுப்பத் தீர்மானித்தது.