சுடுதண்ணி குடிச்சியா?

"சுடுதண்ணி குடிச்சியா?"

போனை எடுத்ததும் ஹைதாங் கேட்பது இதைத்தான்.

"உன்னைப் பார்க்கணும்போல இருக்கு ஹைதாங்" என்றான் கென்ஷெங்.

"நாளெல்லாம் அடுப்புகிட்டயே நிக்கிற. குடிச்சியா இல்லையா?"

"குடிச்சேன், குடிச்சேன்! வேற பேச்சே கிடையாதா உனக்கு?"

"தூக்கம் வருது. வச்சிடறேன்."

வைத்தேவிட்டாள். சின்யாங்கில் நூடுல்ஸ் கடை போட்டிருக்கும் புருஷனுக்கு, ஷென்ஜெனில் கிரேன் ஓட்டும் பெண்டாட்டியிடம் கிடைப்பது தினமும் இவ்வளவுதான். பாவம் மனுஷன், அணைந்துபோன போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பக்கத்து சலூன்கடை சாய்க்கு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, ஆசை விட்டுப்போச்சுன்னாதான் சுடுதண்ணி குடிம்பாங்க. ஊரே சொல்லிச் சிரிக்கிற விஷயமாச்சே! புதுவருஷத்துக்காவது அண்ணி வந்தாங்களா?"

"லீவு கிடைக்கலையாம்டா."

"லீவா, இல்ல அங்க வேற யாராவது..."

"வாயை மூடுடா!"

அதட்டிவிட்டானே தவிர, ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை. மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறினான். நான் உனக்கு வேணுமா வேண்டாமா என்று நேரிலேயே கேட்டுவிடுவது என்ற முடிவோடு.

அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் பான் என்ற சமையல்கார அம்மாள் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா வேணும்?"

"ஹைதாங். நான் அவ வீட்டுக்காரன்."

"அடேடே! தினமும் தண்ணிக்குத் திட்டு வாங்குற ஆளு நீதானா? அவளும் நானும் ஒரே ரூம்தான்பா. அதோ, அங்க இருக்கா பாரு."

அண்ணாந்து பார்த்தான். வானத்தில், கிரேனின் உச்சியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கூண்டு தெரிந்தது.

"கொஞ்சம் இறங்கி வரச் சொல்லுங்கக்கா. ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்."

"நல்லா இருக்கே! பொழுது சாயாம எப்படி இறங்குவா? மாத்தி விட ஆள் இல்ல. மேல ஒதுங்க இடமும் கிடையாது. அதுக்குப் பயந்தே காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம உட்கார்ந்திருப்பா."

"இந்த வெயில்லயா?"

"இந்த வெயில்லதான். சொல்லாதேன்னா, ஆனா மனசு கேக்கலைப்பா. போன மாசம் கிட்னியில கல்லு. தரையில உருண்டு துடிச்சா. அந்த வலியிலயும் என்ன சொன்னா தெரியுமா? 'அந்த மனுஷனும் வேலை மும்முரத்துல தண்ணி குடிக்கவே மறந்துடும் அக்கா, இது அதுக்கு வரக்கூடாது'ன்னு அழுதா."

கென்ஷெங் மறுபடி அண்ணாந்து அந்தக் கூண்டைப் பார்த்தான்.

"இறங்கி வர்றப்போ தொண்டை வறண்டு குரலே இருக்காது. ரெண்டு வார்த்தைதான் பேச முடியும். அந்த ரெண்டையும் உனக்குத்தான் செலவழிக்கிறா."

பான் அக்கா குவளை நிறைய சுடுதண்ணி ஊற்றி நீட்டினாள்.

"முகமே காஞ்சு கிடக்கு. முதல்ல இதைக் குடி."

கென்ஷெங் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வேண்டாம்கா. அவ இறங்கி வரட்டும்."