அஞ்சு மணிக்கு மேல

மணி ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே சுப்புராயன் எழுந்துவிட்டார். அந்த வாக்குச்சாவடியில் எதிர் வேட்பாளர் பூங்கோதையின் ஏஜென்ட் அவர். காலையிலிருந்து வந்தவர்களையெல்லாம் குடைந்து குடைந்து கேள்வி கேட்டவர், இப்போது மனைவி கிரேசிக்கு ஏஜென்டாக உட்கார்ந்திருந்த லாரன்ஸைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னும் குந்தியிருக்கியே தம்பி? பொண்டாட்டி கவுன்சிலராவறதுக்கு நீ உசுர வுடணுமா? எந்திரிச்சி வா, டீ குடிக்கலாம்.”

“நீங்க போங்கண்ணே. எனக்கு டீ வேணாம்.”

அந்த நகராட்சித் தேர்தலில் கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு. அலுவலர்கள் தலை முதல் கால் வரை வெள்ளைக் கவச உடை மாட்டிக்கொள்வார்கள். ஓட்டுப் போட வருகிறவர்களும் அப்படியே. முகம் தெரியாது. பயத்தில் ஏஜென்டுகளும் கிளம்பிவிடுவார்கள்.

கள்ள ஓட்டுக்கு இதைவிட வசதியான நேரம் ஏது? சுப்புராயனின் சிரிப்பு லாரன்ஸின் சந்தேகத்தைக் கிளப்பியது. அந்த வார்டில் எப்போதும் பத்து ஓட்டில்தான் ஜெயிப்பார்கள், பத்து ஓட்டில்தான் தோற்பார்கள்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த கிரேசி வாசலில் நின்று கெஞ்சியிருந்தாள். “அஞ்சு மணிக்கு மேல ஒரு நிமிசம்கூட உள்ள இருக்காதீங்க. நான் தோத்தாலும் பரவால்ல, நீங்க வூட்டுக்கு வந்துடுங்க.”

போன வருஷம் ஒன்பது நாள் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்தவன் அவன். செராமிக் கம்பெனியில் இருபது வருஷம் மண்தூசி குடித்த நுரையீரல். இன்னொரு முறை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும், அரசியலில் ஆனா ஆவன்னா தெரியாத அந்த அப்பாவி மனைவிக்காக ஒரு மணி நேரம் உட்கார முடியாதா?

ஐந்தேகாலுக்கு வெள்ளை உருவம் ஒன்று இருமிக்கொண்டே உள்ளே வந்தது.

“நானூத்திப் பன்னெண்டு. ராஜம்மாள்,” என்று அலுவலர் சீட்டைப் பார்த்து வாசித்தார்.

கம்பெனியில் லாரன்ஸுக்குப் பக்கத்து மெஷின்காரி ராஜம்மாள். நாலு நாளாகக் கொரோனாவோடு வீட்டில் படுத்திருக்கிறாள். வந்தது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

மை வைப்பதற்காக உருவம் கையுறையைக் கழற்றி இடது ஆள்காட்டி விரலை நீட்டியது. நகத்தோடு, முழு விரல்.

லாரன்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பீங்கான் ஃபியூஸ் கேரியர் அச்சடிக்கும் மெஷினில் வலது கை மண்ணைப் போடும், இடது கை அச்சைத் துடைக்கும். துடைத்த விரலை எடுப்பதற்குள் மேலச்சு இறங்கிவிட்டால் போச்சு. ராஜம்மாளுக்கு அந்த விரலின் நுனி அப்படிப் போனதுதான். ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவனே இவன்தான்.

“சார், மை வைக்காதீங்க! இது ராஜம்மா இல்ல, கள்ள ஓட்டு! போலீசக் கூப்புடுங்க!”

“கிட்ட போகாதீங்க, பாசிட்டிவ் கேஸு...” அலுவலர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“ஒட்டுனா ஒட்டட்டும் சார்.” லாரன்ஸ் குறுக்கே போய் நின்றான். மூச்சு இரைத்தது. “யாரு அனுப்புனது? பூங்கோதையா, சுப்புராயனா? மொகத்தக் காட்டு!”

வராந்தாவில் போலீஸ்காரரின் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. உருவம் மாஸ்க்கைக் கொஞ்சமாக இறக்கியது.

பத்து நாளாகக் கிரேசியோடு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்ட அன்பரசி!

“கத்தாதீங்கண்ணே,” அவள் கிசுகிசுத்தாள். “அண்ணிதான் அனுப்பிச்சாங்க.”