பக்கத்து வீட்டுச் சண்டை

வயல்களுக்கு நடுவே புதிதாகக் கட்டிய குடியிருப்பு. இன்றும் ஒரு வீடு விற்காவிட்டால் மேலாளருக்கு வேலை போய்விடும். கணவருடன் வீடு பார்க்க வந்த பெண்ணோ தயங்கினாள்.

"இந்த அத்துவானத்துல யாருங்க குடியிருப்பா?"

பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து குரல் பாய்ந்தது.

"உப்பு போடக்கூட மறந்துட்டு டிவி பாக்குறியா?"

"பிடிக்கலைன்னா உங்க மக வீட்டுக்குப் போங்க அத்தை."

பெண்ணின் கணவர் சிரித்தார். "மாமியார் மருமக சண்டையே வந்தாச்சு. இனிமே என்ன பயம்?"

அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் கார் மறைந்ததும் மேலாளர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஒண்ணு வித்தாச்சு. அடுத்த பார்ட்டி வந்துட்டிருக்காங்க. கொடியில இருக்கிற துணியை எடுத்துக்கிட்டு மூணாவது தெரு காலி வீட்டுக்கு ஓடுங்க."

துணியை உருவிக்கொண்டே மருமகள் சொன்னாள்:

"இந்தத் தடவை நான்தான் மாமியார். காலையிலேருந்து உங்ககிட்ட திட்டு வாங்கியே காது போச்சுக்கா."